மலையைத் தேடிக் கடற்கரைக்கு

பி.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் வருடத்தில்தான் எங்களுக்கு முதல் ஃபீல்ட். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி ஒரு மாதமாக வகுப்பு நடந்துகொண்டிருந்ததால், பேச்சிப்பாறைப் பக்கமோ கீரிப்பாறைப் பக்கமோ கூட்டிப் போவார்கள் என்று ஆளாளுக்கு ஷூவும் தொப்பியுமாகக் காலையிலேயே வந்து நின்றோம். பஸ் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராகக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனது. இறங்கினால் கறுப்பும் சிவப்புமாக மணல், எதிரே கடல். "சார், மலை அந்தப் பக்கம்லா இருக்கு" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "பாதி மலை இங்கதான் கிடக்கு மக்களே, குனிஞ்சு பாருங்க" என்றார் சார்.

அது நடந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. நான் இப்போது வள்ளியூரில் அச்சகம் வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடிக்கிறேன். கடை வாசலில் வந்து நின்றால் மேற்கே மலை தெரியும், அதில் மகேந்திரகிரி, 1,600 மீட்டருக்கு மேல், பாதி நாள் உச்சியில் மேகத்தோடு. படித்தது தொழிலாகவில்லை, ஆனால் விட்டுப் போகவும் இல்லை. சார் சொன்ன அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நம் மலை எப்படி எழுந்தது, எப்படித் தேய்ந்தது என்று இத்தனை வருடமாக வாசித்ததையும் போய்ப் பார்த்ததையும் ஒரு தடவை முழுசாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

முதலில் அந்த மணல். அன்று சார் செய்யச் சொன்னது இவ்வளவுதான்: ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் போட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கையை மெல்ல மேலே தூக்குவது. வெறும் கண்ணுக்குக் கறுப்புச் சேறு மாதிரி இருந்தது லென்ஸுக்குக் கீழே வந்ததும் நகைக்கடைத் தட்டு மாதிரி ஆகிவிட்டது. மாதுளை முத்தின் நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கார்னெட். கன்னங்கரேலென்று மினுக்கும் இல்மனைட். தேன் நிறத்தில், கொஞ்சம் மங்கலாக மோனசைட். நடுநடுவே நிறமில்லாமல் கூராக சிர்கான். அப்புறம் நாம் மணல் என்றாலே நினைக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ், அது அங்கே குறைவுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து கழற்றிய காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கறுப்பு மணிகள் எழும்பி வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த மணல் உலகத்துக்குத் தெரியவந்த விதமே நல்ல கதை. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் கேஸ் விளக்கில் வெளிச்சம் தரும் மேண்டில் வலையைச் செய்யத் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் தேவைப்பட்டது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. நார் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டே வந்தால் மணவாளக்குறிச்சி. அவர்கள் தேடியது தோரியம். என்னைப் பொறுத்தவரை அந்த மணியில் அதைவிடப் பெரிய சரக்கு ஒன்று இருக்கிறது. தோரியமும் யுரேனியமும் ஒரே சீரான வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே ஒரு மணியில் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அது பிறந்த காலம் தெரிந்துவிடும். இந்தக் கரைக்குப் பின்னால் உள்ள மலைப் பாறைகளின் மோனசைட் திரும்பத் திரும்பக் காட்டும் வயது ஏறக்குறைய 55 கோடி ஆண்டு. கடலோரம் காலில் ஒட்டும் மணலில் மலைப் பாறையின் பிறந்த தேதி இருக்கிறது.

சரி, கார்னெட் என்ன சொல்கிறது? அது வயதைவிட ஆழத்தை நன்றாகச் சொல்லும். கார்னெட்டும் அதோடு சேர்ந்து விளையும் மற்ற தாதுக்களும் எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் உருவாகும் என்பதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்து வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் வேளிமலையிலும் மருந்துவாழ்மலையிலும் பார்க்கிற மாதிரியான பாறைகள் 800 டிகிரிக்கு மேலான சூட்டில், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்தவை. ஆழம் என்று எழுதும்போதே கை நிற்கிறது. இன்று மருந்துவாழ்மலையில் வெறுங்காலோடு ஏறுகிற பக்தர் மிதிக்கும் பாறைக்கு மேலே ஒரு காலத்தில் 20 கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்தது, அது அத்தனையும் தேய்ந்து போயிருக்கிறது.

உடனே எல்லோரும் கேட்பது, அப்படியென்றால் மலை 20 கிலோமீட்டர் உயரம் இருந்ததா? இல்லை. முட்டம் துறைமுகத்தில் மீன் இறக்கும்போது வள்ளத்தைக் கவனித்துப் பாருங்கள். கூடை கூடையாக இறக்க இறக்க வள்ளம் தண்ணீருக்கு மேலே எழும்பிக்கொண்டே வரும். மலையும் அப்படித்தான். கீழே இருக்கும் கனமான பாறையின் மேல் அது மிதக்கிறது, அதற்கு வேர் இருக்கிறது. மேலே 100 மீட்டர் தேய்ந்தால், பரந்த பரப்பில் பார்த்தால், கீழிருந்து 80 மீட்டருக்கு மேல் எழும்பி வந்துவிடும், உயரத்தில் நிகரமாகக் குறைவது 20 மீட்டருக்கும் கீழே. தேய்கிறது, எழுகிறது, மறுபடி தேய்கிறது. இப்படியே போனால், உயரம் எந்தக் காலத்திலும் இன்றைய இமயமலை அளவைத் தாண்டாமலேயே 20 கிலோமீட்டர் பாறை கழன்று போய்விட முடியும். இது புரிந்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு தடவையாவது வருகிறது: "மேற்குத் தொடர்ச்சி மலை இமயமலையை விட மூத்தது." பாறை மூத்தது என்றால் சரி. நீலகிரியின் சார்னோகைட், அதாவது பூமிக்குள் ஆழத்தில் வெந்த கடினப் பாறை, சுமார் 250 கோடி ஆண்டு, நம் தென்கோடிப் பாறைகள் கடைசியாக வெந்தது 55 கோடி ஆண்டுக்கு முன்பு. ஆனால் பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. நூறு வருடத்துப் பழைய தேக்கில் போன வருடம் செய்த நாற்காலிக்கு என்ன வயது என்று கேட்பது மாதிரி அது. 55 கோடி ஆண்டுக்கு முன் கண்டங்கள் மோதி எழும்பிய பெரிய மலைத்தொடர் ஒன்று இருந்தது, கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தின் நடுவில், நமக்கு மேற்கே மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும், தெற்கே இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டிருக்க. அந்த மலை தேய்ந்து தீர்ந்துவிட்டது. நாம் இன்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது அந்த மலை அல்ல. அதன் அடித்தளத்தின் ஓரம், பிற்பாடு உடைந்து உயர்ந்து நிற்பது.

ஓரம் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு மாதிரி, கேரளப் பக்கம் வேறு மாதிரி. இன்னும் வடக்கே கர்நாடகத்துக்குப் போனால் இது பளிச்சென்று தெரியும், கிழக்கே பீடபூமி தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும், மேற்கே திடீரென்று மொட்டைமாடி விளிம்பு மாதிரி செங்குத்தாக இறங்கும். காவிரி பிறக்கும் தலைக்காவிரியில் இருந்து அரபிக் கடல் எட்டிப் பார்க்கும் தூரம்தான், ஆனால் காவிரி அந்தப் பக்கம் திரும்பாமல் 800 கிலோமீட்டர் கிழக்கே நடந்து பூம்புகாருக்குப் போகிறது. ஏன்? நிலம் ஏற்கெனவே கிழக்குப் பார்த்துச் சரிந்திருந்தது, மேற்கு விளிம்பு பிற்பாடு உடைந்தது.

உடைந்த தேதியும் தெரியும். உடுப்பிக்குப் பக்கத்தில் மால்பே கடற்கரையில் இருந்து படகில் போனால் செயின்ட் மேரி தீவு வரும், பென்சில் கட்டுகளை நிறுத்தி வைத்த மாதிரி அறுகோணத் தூண்களாக எரிமலைப் பாறை. சுற்றுலா வருகிறவர்கள் அதன் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அந்தப் பாறையின் வயது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டு, அதே காலத்து எரிமலைக் குழம்பு மடகாஸ்கரின் கிழக்குக் கரையிலும் கிடக்கிறது. இரண்டு கரையும் பிரிந்தபோது வழிந்தது அது. பிறகு 6.6 கோடி ஆண்டுவாக்கில் தக்காண எரிமலைகள், அதையொட்டி செஷல்ஸ் தீவுகளின் நிலம் நம்மை விட்டு விலகியது. இரண்டு தடவை உடைந்ததில் இந்தியாவின் மேற்கு விளிம்பு தோள் மாதிரி உயர்ந்து நின்றது.

இது வரைக்கும் பாறை சொல்லும் கதை. ஆனால் நடுவில் நிலம் எப்படி இருந்தது, எங்கே மேடு, எங்கே பள்ளம், ஆறு எங்கே ஓடியது, இதை மலையில் தேடினால் கிடைக்காது. தேய்மானம் என்பதே தன் தடயத்தைத் தானே அழிக்கும் வேலை. எழுதியதை அழித்துவிட்டு அதே பலகையில் திரும்பத் திரும்ப எழுதும் பையன் மாதிரி. அழித்த சாக்பீஸ் தூள் எங்கே விழுந்ததோ அங்கேதான் போய்த் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் அது விழுந்த இடங்களில் முக்கியமானது அரியலூர், பெரம்பலூர் பக்கம். இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரியத் தொடங்கியபோது, சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன், கிழக்குக் கரையோரம் நிலம் நீளநீளமாகப் பிளந்து அமுங்கியது. அமுங்கிய பள்ளத்துக்குள் கடல் வந்தது, மேற்கே இருந்த மேட்டில் இருந்து ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. அதுதான் காவிரிப் படுகை. ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1860-களின் தொடக்கத்திலேயே இந்தப் பகுதியின் பாறை அடுக்குகளைப் பிரித்து வரைபடம் போட்டுவிட்டார், இன்றும் அவர் வைத்த ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்ற பிரிவுகளில்தான் பேசுகிறார்கள்.

நான் 2019-இல் காரை என்ற ஊருக்குப் போனேன். பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. மழைநீர் அரித்து அரித்துக் கை அகலத்தில் இருந்து தெரு அகலம் வரைக்கும் ஓடைகள், நடுவே யானை முதுகு மாதிரி களிமண் மேடுகள், ஒரு மரம் கிடையாது. வெயிலில் தரை முழுக்க மினுமினு என்று ஜிப்சம் தகடு. அதற்கு நடுவில் துப்பாக்கித் தோட்டா மாதிரி, ஒரு பக்கம் கூராக, சிறுவிரல் நீளத்தில் பெலெம்னைட், பத்து கோடி ஆண்டுக்கு முன் அங்கே நீந்திய, கணவாய்க்குச் சொந்தக்கார ஜீவன் ஒன்றின் உள் ஓடு. எடுத்துக் கையில் வைத்தால் ஐஸ் மாதிரி சில்லென்று இல்லை, வெயிலில் கிடந்து சுட்டது. கணவாய் நீந்திய கடல் இருந்த இடத்தில் நின்றுகொண்டு மேற்கே பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு மேடு இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு களிமண் எங்கிருந்து வந்திருக்கும்? மெல்லிய களிமண் என்பதால் அந்த மேடு கரையை ஒட்டி உயரமாக நின்றிருக்காது, ஆற்றில் நிதானமாக வந்த வண்டல் இது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லிலோ கதை மாறுகிறது, பவளம் வளர்ந்த சுண்ணாம்புக்கு நடுவே மலைப்பாறையின் குண்டுக் கற்கள் பதிந்து கிடக்கின்றன. குண்டுக்கல்லை ஆறு வெகுதூரம் உருட்டி வர முடியாது, ஆக அந்தக் காலத்தில் பாறைச் சரிவு கடலோரத்திலேயே நின்றது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரம் ஒன்று படுத்திருக்கிறது, கரையில் காடு இருந்ததற்குச் சாட்சி. இப்படி ஒரு களிமண், ஒரு குண்டுக்கல், ஒரு மரம் என்று சேர்த்துச் சேர்த்துத்தான் காணாமல் போன நிலத்தைத் திரும்ப வரைகிறார்கள்.

மேற்கே, கேரளக் கடலுக்கு அடியிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் தேடித் துளைத்த கிணறுகளின் விவரத்தை வைத்துக்கொண்டு, எந்தக் காலத்தில் எவ்வளவு வண்டல் வந்து சேர்ந்தது என்று பார்த்தால் இரண்டு தடவை அது எகிறுகிறது. ஒன்று செஷல்ஸ் பிரிந்த உடனே, மற்றொன்று வெகு பிற்காலத்தில், சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன். நடுவில் நீண்ட அமைதி.

அந்த அமைதிதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கல்லூரியில் நாங்கள் படித்தது, மலைவிளிம்பு முதலில் கடலோரத்தில் இருந்தது, பிறகு வருடத்துக்கு இத்தனை என்று சீராகக் கிழக்கே பின்வாங்கிப் பின்வாங்கி இன்றைய இடத்துக்கு வந்தது என்று. கேட்க நன்றாக இருக்கும், பரீட்சையிலும் மார்க் வந்தது. ஆனால் 2016-இல் பிரெஞ்சு, இந்திய ஆய்வாளர்கள் கோவாவில் செய்த வேலை அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. செம்புறைக்கல் தெரியும்தானே, புதுக்கோட்டைப் பக்கம் கட்டடம் கட்டுவதும், கேரளத்தில் வெட்டுக்கல் என்று அறுத்து எடுப்பதும். மழையும் வெயிலும் மாறி மாறி வேலை செய்து பாறை அப்படியே நின்ற இடத்தில் சிதைந்தால் உண்டாவது அது, தட்டையான, அரிப்பு குறைந்த நிலத்தில்தான் கனமாக விளையும். அதற்குள் மாங்கனீசுத் தாது ஒன்று வளரும், அதில் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கும், பொட்டாசியத்தில் ஒரு பகுதி ஆர்கானாக மாறும், ஆகவே அதற்கும் வயது பார்க்கலாம். கோவாவின் தாழ்நிலத்தில், அதாவது மலைவிளிம்புக்குக் கீழே, கடல் பக்கம், அந்தத் தாதுவின் வயது 4.7 கோடி ஆண்டு வரைக்கும் போகிறது. என்றால் அந்தத் தாழ்நிலம் 4.7 கோடி ஆண்டுக்கு முன்பே தாழ்நிலமாக இருந்தது, விளிம்பு அதற்கு முன்பே ஏறக்குறைய இன்றைய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. உடைந்த சூட்டோடு வேகமாகப் பின்வாங்கியது, பிறகு கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிட்டது. இமயமலை எழும்பத் தொடங்கிய காலம் முதல் இன்று வரை அந்தப் படிக்கட்டு அதே இடத்தில் நிற்கிறது.

இந்தச் செம்புறை வகைச் சிதைவையே இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோகலாம். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் உச்சியில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது கிடக்கிறது. பாக்சைட்டும் தட்டையான நிலத்தில் வெகுகாலம் மழையில் ஊறினால்தான் வரும். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறி, மேலே போனதும் சமவெளி மாதிரி வயலும் பலாவுமாக இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதவர் கிடையாது. சுற்றிலும் நிலம் தேய்ந்து இறங்கிய பிறகும் மிச்சமாக மேலே நிற்கும் பழைய தரை அது.

இன்னொரு முறை இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. அபடைட் என்ற தாதுவில் கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அபூர்வமாக ஒரு யுரேனிய அணு தானாகவே இரண்டாகப் பிளந்து, இரண்டு துண்டும் எதிரெதிராகப் பாய்ந்து, படிகத்தில் ஒரு கீறலை உண்டாக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு. சூடு 110, 120 டிகிரிக்கு மேல் இருந்தால் கீறல் ஆறிவிடும், தோலில் பட்ட சிராய்ப்பு மாதிரி. அதற்குக் கீழே குளிர்ந்த பிறகு விழும் கீறல் ஆறாது. ஆகவே நைட்ரிக் அமிலத்தில் சில விநாடி வைத்து எடுத்து, மைக்ராஸ்கோப்பில் கீறல்களை எண்ணினால், இந்தப் பாறை நாலைந்து கிலோமீட்டர் ஆழத்தைக் கடந்து மேலே வந்தது எப்போது என்று தெரியும். விளிம்புக்கு மேற்கே கடலோரப் பட்டையில் வயது குறைவாகவும், உள்ளே பீடபூமியில் மிக அதிகமாகவும் வருகிறது. அதாவது தோல் உரிந்ததெல்லாம் பெரும்பாலும் மேற்கே. கர்நாடகப் பீடபூமி டைனோசர் காலத்துக்கு முன்பிருந்தே பெரிதாகத் தேயவில்லை.

இன்று தேய்கிற வேகம் எவ்வளவு? அதற்கும் மணல்தான். விண்வெளியில் இருந்து வரும் கதிர்கள் குவார்ட்ஸில் இருக்கும் ஆக்சிஜனைத் தாக்கி பெரிலியம்-10 என்ற அணுவை உண்டாக்கும், கடல்மட்டத்தில் ஒரு கிராமுக்கு வருடத்துக்குச் சில அணு என்ற கணக்கில். பாறைக்குள் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனாலே கதிரின் வலு மூன்றில் ஒரு பங்காகிவிடும். மெல்லத் தேயும் மலையின் மணல் மேற்பரப்பில் வெகுநாள் வெயில் காய்ந்ததால் பெரிலியம் அதிகம் சேர்த்திருக்கும், வேகமாகத் தேயும் மலையின் மணலில் குறைவாக இருக்கும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு கிலோ மணல் அள்ளினால் போதும், மேலே உள்ள மொத்த நீர்ப்பிடிப்பின் சராசரியும் அதில் கலந்திருக்கிறது. தென்னிந்தியாவில் இப்படி அளந்ததில், கிழக்கே வடியும் மேட்டு நிலம் பத்து லட்சம் ஆண்டுக்கு 10 மீட்டர் அளவில் தேய்கிறது, மேற்கே வடியும் செங்குத்துச் சரிவுகள் அதைப் போலப் பல மடங்கு. பத்து லட்சம் ஆண்டுக்கு 10 மீட்டர் என்றால் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். ராஜராஜன் பெரிய கோயில் கட்டிய நாளில் இருந்து இன்று வரை ஒரு விரலின் கனம். இமயத்தின் சில பகுதிகளில் வருடத்துக்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். இத்தனை மழை பெய்தும் நம் மலை இவ்வளவு பொறுமையாகத் தேய்வதற்குக் காரணம், இமயத்தில் போலக் கண்டங்கள் மோதித் தள்ளும் விசை இல்லை, மேலே காடு மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிடித்துக்கொண்டிருந்தது என்று எழுதுவதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

இலங்கையின் மலையகமும் இதே குடும்பத்துப் பாறைதான், சார்னோகைட், கார்னெட் எல்லாம் அப்படியே, கோண்ட்வானாவில் நம்மோடு ஒட்டிக்கொண்டிருந்த நிலம். அங்கே ஹேவாவசம், ஃபான் பிளாங்கன்பர்க், ஷாலர், கூபிக் என்ற நான்கு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட அளவு இது: இயற்கையான தேய்மானம் ஆயிரம் ஆண்டுக்கு 13 முதல் 30 மில்லிமீட்டர். காட்டை வெட்டிப் பயிர் வைத்த பகுதிகளில் இன்று ஆறுகள் கொண்டுபோகும் மண்ணை அளந்தால் அதைவிட வெகு அதிகம். பத்து மடங்கில் இருந்து நூறு மடங்கு வரை. மெல்லிய தோலாக மேலே இருக்கும் மண் உண்டாக எத்தனை ஆயிரம் வருடம் ஆனதோ, அதை இரண்டு மூன்று தலைமுறையில் ஆற்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சராசரி என்பதில் இன்னொரு சங்கதியும் ஒளிந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது என்று மனதுக்குப் படும். மலை அப்படித் தேய்வதில்லை. பல நூறு வருடம் சும்மா இருக்கும், ஒரு ராத்திரியில் இறங்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் மலை இறங்கியது, எழுபது பேர் போய்விட்டார்கள். அவர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் எங்கள் பக்கத்துக் கயத்தாறு. அந்த வாரம் என் அச்சகத்துக்கு ஒருவர் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்க வந்தார், ஒரே தாளில் ஒன்பது போட்டோ, ஒரே குடும்பத்து ஆட்கள். பெயர்களைக் கோத்துக்கொண்டிருக்கும்போது கை ஓடவில்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில், முண்டக்கை, சூரல்மலை, இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். ஆய்வுக் கட்டுரையில் மேற்குச் சரிவுகள் வேகமாகத் தேய்கின்றன என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள் இருப்பது இந்த மாதிரி ராத்திரிகள். செங்குத்துச் சரிவில் எந்த இடம் முன்பு இறங்கியது, எந்த ஓடை வாயில் பழைய குண்டுக்கற்கள் குவிந்து கிடக்கின்றன என்று பார்த்து வரைபடம் போடுவதும் இதே மலை வரலாற்று வேலையின் ஒரு பகுதிதான். அதைப் போட்டு, அந்த ஊரில் குடியிருப்பவர்கள் கையில் தமிழிலும் மலையாளத்திலும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். வீடு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் தாள் அது.

போன ஆவணியில் மறுபடியும் மணவாளக்குறிச்சிப் பக்கம் போயிருந்தேன், கடியபட்டணத்தில் வள்ளியாறு கடலில் சேரும் இடத்துக்கு. வேளிமலையில் இருந்து வரும் சின்ன ஆறு. தென்மேற்குப் பருவக் காற்றில் அலை கரையை வெட்டி வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமான கறுப்பும் சிவப்பும் மட்டும் கரையில் தங்கும். அலை ஏறி இறங்கிய இடத்தில் பட்டுப்புடவைக் கரை மாதிரி ஒரு சிவப்புக் கோடு, ஒரு கறுப்புக் கோடு, மறுபடி சிவப்பு. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் குனிந்து குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஏதும் தொலஞ்சு போச்சா?" என்று கேட்டார். லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "செவப்பா இருக்கது எல்லாம் கல்லா?" என்றார். மலையில் இருந்து வந்தது ஐயா என்றேன். வேளிமலை இருக்கும் திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

போய்ப் பார்க்க நினைப்பவர்கள் ஆடி, ஆவணியில் போங்கள், காலை எட்டு மணிக்கு முன்னால், சாய்வெயிலில் கார்னெட் நன்றாகத் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதிக விலை இல்லை. மணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் தாது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிடுங்கள். திரும்பும்போது நாகர்கோவில் பஸ்ஸில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் இடம் கிடைத்தால் உட்காருங்கள், மலை கூடவே வரும்.